தென் சென்னையில் எளியோர் குடியிருப்பு

மயிலாப்பூரில் சி. ஐ. டி. காலனி என்று ஒரு பகுதி உண்டு. தியாகராய நகரை அடுத்துச் சைதாப்பேட்டைக்குப் போகும் வழியில் சி. ஐ. டி. நகர் என்று மற்றொன்று உண்டு. சென்னைக்குப் புதிதாக வந்து கல்லூரியிற் சேர்ந்த மாணவர் ஒருவர் இப்பெயர்களைத் தெருப்பலகையில் படித்தால், இவை துப்பறியும் போலீசார் குடியிருக்கும் இடங்கள் போலும் என்று எண்ணிக்கொள்வதில் வியப்பில்லை. ஆங்கிலத்தில் வேறுபட்ட இரண்டு எழுத்துகள் தமிழில் ஒரே எழுத்தாகி விடுவதால் விளையும் மயக்கம் அது. உண்மையில் அம்மூன்றெழுத்தும் 'சிட்டி இம்புரூவ்மென்ட் டிரஸ்ட்' என்பதன் சுருக்கம். நகர அபிவிருத்தி டிரஸ்ட் என்று தமிழிற் சொல்லலாம். நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில், சென்னையின் வீட்டுப் பஞ்சத்தைத் தீர்ப்பதற்கென்று தோன்றிய அமைப்பு அது. 1961இல் அது வீட்டு வசதி வாரியமாக உருமாறிற்று. அமைப்பு மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பெயர் மட்டும் நிலைத்து நிற்கிறது.

மாணவ நேயர்களே! வரலாறு என்றவுடன் கோட்டையும் கொத்தளமும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்குச் சோறு போட வேண்டும் என்று எந்த ஆண்டில் யார் தீர்மானித்தார், கடற்கரைக் குடிசை ஒன்று எப்போது காரை வீடாயிற்று, அந்த வீட்டிலிருந்தவர் பின்னர் எங்கே போனார் என்பனவும் வரலாறே. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் நூறாண்டுகளாக அரசாங்கம் எளிய மக்களுக்கு உணவும் மருந்தும் வீடும் அளிக்க முயன்ற கதையை ஆராயும்போது, எனக்கு ஒரு கேள்வியே மீண்டும் மீண்டும் எதிர்ப்படுகிறது. கொடுக்கப்பட்ட உதவி எவ்வளவு பெரியது என்பதன்று அக்கேள்வி. அதைப் பெறுகிறவன் உழைத்துப் பிழைக்கும் இடத்திலிருந்து அவ்வுதவி எவ்வளவு தொலைவில் வைக்கப்பட்டது என்பதே.

தியாகராய நகரிலிருந்து தொடங்குவோம். இன்று நகைக்கடைகளும் புடவைக்கடைகளும் நெருங்கி நிற்கும் அந்நிலம் நூறாண்டுகளுக்கு முன் நீர் நிறைந்த ஏரி. நுங்கம்பாக்கம் ஏரியும் மயிலாப்பூர் ஏரியும் தொடர்ந்து கிடந்தமையால் அதனை நெடிய ஏரி என்றே ஆங்கிலேயர் குறித்தனர். 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தின் துணைகொண்டு, 1923 முதல் ஏரியின் ஒரு பகுதியை வடித்துத் தூர்த்து, சாலைகளும் பூங்காக்களும் வகுத்துப் புதிய நகர் ஒன்றை அமைத்தனர். மேற்கு மாம்பலத்தில் ஏரிக்கரைச் சாலை என்று பொருள்படும் ஆங்கிலப் பெயருடன் ஒரு சாலை இன்றும் இருக்கிறது, ஏரிதான் இல்லை. மழைக்காலத்தில் மட்டும் அது தன் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு வந்துவிடுவதை அப்பகுதி மக்கள் நன்கறிவர்.

புதிய நகரில் மனை வாங்கி வீடு கட்டியவர்கள் வழக்கறிஞர்கள், உத்தியோகஸ்தர்கள், வணிகர்கள். பிற்காலத்தில் நகர அபிவிருத்தி டிரஸ்ட் கட்டிய வீடுகளும் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்களுக்கே பயன்பட்டன. இதில் சூழ்ச்சி ஒன்றும் இல்லை. தவணை முறையில் வீடு வாங்குபவன் மாதந்தோறும் தவறாமல் பணம் கட்ட வேண்டும். மீனவனுக்கும், கொத்து வேலை செய்பவனுக்கும், கைவண்டி இழுப்பவனுக்கும் வருமானம் நாள்தோறும் மாறுவது. மாதம் என்ற கணக்கே அவர்கள் வாழ்வில் இல்லை. ஆகவே திட்டம் நல்லதாயினும் அவர்கள் அதன் வாயிலுக்கு வெளியே நின்றனர். இந்நகர்களின் சுவர்களை எழுப்பியவர்களும், அவ்வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர்களும் பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும், அடையாற்றங்கரையிலும், கடற்கரை மணலிலும் ஓலைக் குடிசைகளில் வாழ்ந்தனர். வேலைக்குப் பக்கத்தில் குடியிருக்க அவர்களுக்குக் கிடைத்தது வேறு யாரும் விரும்பாத நிலமே.

தியாகராய நகருக்குத் தம் பெயரை அளித்த சர் பி. தியாகராயச் செட்டியார் வேறொரு செயலாலும் நினைக்கத் தக்கவர். அவர் சென்னை நகராண்மைக் கழகத்தின் தலைவராக இருந்தபோது, 1920ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் கூடிய மன்றக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறிற்று. ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த நகராண்மைப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகலில் சிற்றுண்டி வழங்குவது, தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவு செய்வது என்பது அத்தீர்மானம். ஓரணா என்பது ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு என்பதை இளைய நேயர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. வறுமையினால் பிள்ளைகள் பள்ளிக்கு வராமையே தீர்மானத்துக்குக் காரணம்.

ஒரு பள்ளியில் தொடங்கியது மேலும் நான்கு பள்ளிகளுக்குப் பரவியது. 1922-23இல் அந்த ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 811 பிள்ளைகள் படித்தனர். 1924-25இல் அத்தொகை 1,671 ஆயிற்று. இரண்டே ஆண்டுகளில் இரட்டிப்புக்கும் மேல்! ஆனால் இந்த வெற்றியே திட்டத்தைக் காப்பாற்றவில்லை. தொடக்கக் கல்விக்கென ஒதுக்கிய நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடலாகாது என்று மாகாண அரசாங்கம் மறுத்துவிட்டது. 1925இல் சிற்றுண்டி நின்றது. பின்னர் வேண்டுகோள்களின் பேரில் 1927இல் ஓரளவு மீண்டும் தொடங்கிற்று. கணக்கேட்டில் உணவு என்பது கல்வியாகாது. பசித்த பிள்ளைக்கோ அவ்விரண்டையும் பிரிக்கத் தெரியாது. 1956இல் காமராசர் பகல் உணவுத் திட்டத்தை மாநிலம் எங்கும் கொண்டு சென்றதும், 1982இல் எம். ஜி. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவாக விரித்ததும், 2022இல் காலை உணவு சேர்ந்ததும் நீங்கள் பாடப் புத்தகத்திலும் செய்தித்தாளிலும் படித்தவையே, அவற்றை விரிக்கவில்லை. நான் சுட்ட விரும்புவது ஒன்று. சோறு பிள்ளை இருக்கும் இடத்துக்கே வந்தது. அதை வாங்க அவன் வேறெங்கும் நடக்க வேண்டியதில்லை.

மருத்துவத்தையும் சமூக நலத்தையும் பொறுத்தவரை, அடையாறும் மயிலாப்பூரும் இரண்டு பெண்மணிகளுக்குக் கடமைப்பட்டவை. புதுக்கோட்டையிற் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாற்றில் ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தை வளர்த்தார். தம் தங்கை புற்றுநோயால் மாய்ந்ததைக் கண்ட அவர், அந்நோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டுமென்று பல ஆண்டுகள் போராடினார். 1952இல் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. மயிலாப்பூரில் சிறுமிகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கிய துர்க்காபாய் 1937இல் ஆந்திர மகிளா சபையை நிறுவினார். 1953இல் மத்திய சமூக நல வாரியம் ஏற்பட்டபோது அதன் முதல் தலைவரும் அவரே. அடுத்த ஆண்டு மாநில சமூக நல வாரியத்தின் தலைமையை முத்துலட்சுமி ரெட்டி ஏற்றார். ஆக, அரசாங்கம் சமூக நலம் என்னும் துறைக்குள் காலெடுத்து வைத்தபோது, அதற்கு வழி காட்ட இத்தெருக்களில் ஏற்கெனவே அவ்வேலையைச் செய்து பழகியவர்கள் இருந்தனர். ஏழைக் கருவுற்ற பெண்களுக்கு உதவித்தொகை அளிக்க 1987இல் தொடங்கிய திட்டம் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரையே தாங்குகிறது.

இனி வீட்டுக்கு வருவோம். இதுவே என் பேச்சின் நடுநாயகமான பகுதி.

1970ஆம் ஆண்டு செப்டம்பரில் கலைஞர் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது ஒரு புதிய வாரியம் தோன்றிற்று. ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காணலாம் என்ற அண்ணாவின் கருத்தை அது தன் குறிக்கோளாகக் கொண்டது. எழுத்தாளராகிய இராம. அரங்கண்ணல் அதன் தொடக்க காலத் தலைவர்களில் ஒருவர். அவ்வாரியத்தின் பெயரை ஊன்றிக் கவனியுங்கள். தமிழில் அது குடிசை மாற்று வாரியம். ஆங்கிலத்திலோ குடிசைப் பகுதிகளை அகற்றும் வாரியம் என்று பொருள்படும் பெயர். மாற்றுதல் வேறு, அகற்றுதல் வேறு. குடிசையை வீடாக மாற்றினால் குடியிருப்பவன் அங்கேயே இருப்பான். குடிசையை அகற்றினால் அவனும் சேர்ந்தே அகல்வான். ஒரே அலுவலகத்தின் வாயிலில் இரு மொழிகளில் இரு வேறு கொள்கைகள் எழுதப்பட்டிருந்தன என்றால் மிகையாகாது. அவ்வாரியத்தின் ஐம்பதாண்டு வரலாற்றையும் இவ்விரு சொற்களுக்கு இடையே நடந்த இழுபறி என்றே நான் படிக்கிறேன்.

தொடக்கத்தில் தமிழ்ச் சொல்லே வென்றது. 1971இல் இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டில் எடுத்த கணக்கின்படி சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் இருந்தன. ஏறத்தாழ ஏழேகால் இலட்சம் மக்கள் அவற்றில் வாழ்ந்தனர். ஓர் இடம் குடிசைப் பகுதி என்று சட்டப்படி அறிவிக்கப்பட்டால், உரிய அதிகாரியின் அனுமதியின்றி அங்கிருப்பவரை நில உடைமையாளர் வெளியேற்ற இயலாது. வெறும் பட்டியல் போலத் தோன்றும் ஒன்று ஏழைக்குக் கேடயமாயிற்று. ஏழே ஆண்டுகளில் குடிசையில்லாத நகரமாகச் சென்னையை ஆக்கிவிட வேண்டும் என்பது திட்டம்.

மயிலைக் கடற்கரையில் நொச்சிக்குப்பத்திலும் பட்டினப்பாக்கத்திலும் மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. தரைத்தளமும் அதன்மேல் மூன்று தளங்களுமாக அமைந்த எளிய கட்டடங்கள் அவை. சிறிய வீடுகள்தாம், ஆனால் கோடைக்காலத்தில் ஓர் அடுப்புப் பொறியால் குப்பம் முழுவதும் எரிந்து போகும் அச்சம் அன்றோடு தீர்ந்தது. ஓலைக்கூரையின் கீழ் வாழ்ந்து பார்க்காதவர்களுக்கு இந்த ஒன்றின் பெருமை விளங்குவது அரிது. குறைகளும் இருந்தன. மூன்றாம் மாடியில் வாழும் மீனவன் வலையை எங்கே உலர்த்துவான்? கட்டுமரத்தை எங்கே கட்டுவான்? மாடி வீட்டை வரைந்த பொறியாளர் உப்புக்காற்று இரும்புக் கம்பியை என்ன செய்யும் என்பதையும் போதிய அளவு எண்ணவில்லை. சில ஆண்டுகளிலேயே காரை உதிர்ந்து கம்பி வெளியே தெரியலாயிற்று. எனினும் ஒன்று சரியாக இருந்தது. வாயிற்படியில் நின்றால் கடல் தெரிந்தது. காற்று எப்பக்கம் வீசுகிறது, நீரோட்டம் எப்படியிருக்கிறது என்று பார்த்துத் தொழிலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடிந்தது. கரையில் இறங்கிய மீனை அவன் மனைவி கூடையில் எடுத்துக்கொண்டு நடந்தே மயிலாப்பூர்த் தெருக்களுக்கு வந்து விற்க முடிந்தது. வீடு மாறியது, பிழைப்பு மாறவில்லை.

ஏழாண்டுத் திட்டம் ஏழாண்டுகளில் முடியவில்லை. 1,202 இடங்களிலும் மாடி கட்டும் அளவுக்கு அரசாங்கத்திடம் பணம் இல்லை. கட்டக் கட்டப் புதிய குடிசைகள் முளைத்தன. ஒரு குடும்பத்துக்கு மாடி வீடு கட்டும் செலவில், பல குடும்பங்களுக்குக் குழாயும் கழிவறையும் தெருவிளக்கும் அமைத்து, அவர்கள் நிற்கும் நிலத்தையே அவர்களுக்கு உரிமையாக்கிக் கொடுக்கலாமே என்ற எண்ணம் எழுந்தது. 1977இல் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டம் இவ்வழியைப் பின்பற்றியது. குடிசைப் பகுதிகளை இருந்த இடத்திலேயே சீர்திருத்தியதோடு, அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனை வகுத்து எளியோருக்கு அளித்தனர். சொந்த நிலம் என்ற உறுதி கிடைத்தவுடன் மக்கள் தாமே சிறுகச் சிறுகச் சுவர் எழுப்பிக்கொண்டார்கள். கண்ணுக்குப் பகட்டில்லாத இத்திட்டத்தைத் திறப்பு விழாவில் நாடா வெட்டிக் காட்ட முடியாது. அதனாற்றானோ என்னவோ, பின்னாளில் அதைப் பற்றிப் பேசுவோர் குறைந்து போயினர்.

எண்பதுகளில் காற்று திசை மாறிற்று. 1981இல் பம்பாயிலும் சென்னையிலும் நடைபாதைவாசிகளையும் குடிசைவாசிகளையும் அகற்ற முற்பட்டதால் எழுந்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. 1985இல் பம்பாய் வழக்கில் தீர்ப்புக் கூறிய நீதிபதிகள், உயிர் வாழும் உரிமையில் பிழைக்கும் வழிக்குரிய உரிமையும் அடங்கும் என்றனர். வேலைக்கு அருகில் இருக்க வேண்டியே ஏழை நடைபாதையில் படுக்கிறான் என்பதை நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் முறைப்படி அகற்றுவதை அது தடை செய்யவில்லை. அதே ஆண்டில் மெரீனாவை அழகுபடுத்தும் பொருட்டு மீனவரின் வலைகளையும் கட்டுமரங்களையும் அப்புறப்படுத்த முனைந்தபோது கலகம் மூண்டு, போலீசார் சுட்டதில் மீனவர் சிலர் மாண்டனர். 1985இல் குடிசைப் பகுதிகளின் பட்டியலில் பதினேழு இடங்கள் சேர்க்கப்பட்டன. அதன்பின் பல ஆண்டுகள் அப்பட்டியலில் ஒன்றும் சேரவில்லை. நகரத்தில் புதிய குடிசைகள் தோன்றாமையால் அன்று. தோன்றியவை கேடயமின்றி நின்றன என்பதே அதன் பொருள்.

2000ஆம் ஆண்டில் கதை நகரத்தின் எல்லையைத் தாண்டுகிறது. தெற்கே பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி, ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் உருவாயிற்று. ஆற்றங்கரையிலும் கால்வாய்க் கரையிலும் சாலை விரிவுக்குக் குறுக்கேயும் இருந்த குடும்பங்களை அங்கே குடியேற்றினர். காலப்போக்கில் பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் அங்கு எழுந்தன. சோழநாட்டிற் பிறந்த கண்ணகி, வாழ வழி தேடிக் கணவனோடு சொந்த ஊரை விட்டு நடந்தவள் என்பதைப் பெயரிட்டவர் எண்ணினாரோ இல்லையோ, பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. கண்ணகி நகருக்கும் தெற்கே செம்மஞ்சேரியில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளும், அதற்குப்பின் பெரும்பாக்கத்தில் மாடிமேல் மாடியாக மேலும் பல்லாயிரம் வீடுகளும் கட்டப்பட்டன.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தைத் தாக்கியது. கரையோரத்தில் வாழ்ந்தவர் பலர் மடிந்தனர், குடிசைகள் அழிந்தன. பிழைத்தவர்களில் ஒரு பகுதியினர் செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டனர். கடல் கொண்டுபோன வீட்டுக்குப் பதிலாகச் சுவரும் கூரையும் உள்ள வீடு கிடைத்தது. ஆயினும் மயிலைக் கரையிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில். விடியற்காலை மூன்று மணிக்குக் கடலில் இறங்க வேண்டியவன் அங்கிருந்து எப்படி வருவான்? 2015ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் ஆற்றங்கரைகளிலிருந்து பல குடும்பங்கள் பெரும்பாக்கம் சென்றதும் இத்தகையதே. வெள்ளம் வரும் கரையில் மக்களை விட்டு வைக்கக்கூடாது என்பதை நான் மறுக்கவில்லை. மறுப்பது அறிவுடைமையும் ஆகாது. ஆனால் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்தவை. மழை மிகுந்தால் அங்கும் தண்ணீர் நிற்கிறது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதற்காகக் கொண்டுபோன இடத்தைப் பற்றி இப்படிச் சொல்ல நேர்வது வருந்தத்தக்கது.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பாருங்கள். தாய் மந்தைவெளியில் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறாள். காலை ஆறு மணிக்கு ஒரு வீட்டில் வாசல் தெளித்துக் கோலம் போட வேண்டும். எட்டு மணிக்கு மற்றொரு வீடு. கால்வாய்க் கரையிலிருந்து அவள் பத்து நிமிடத்தில் நடந்து வந்தாள். செம்மஞ்சேரியிலிருந்து வருவதாயின் நான்கரைக்கே பஸ் ஏற வேண்டும். பள்ளிக்குப் போகும் பிள்ளையை எழுப்புபவர் யார்? கல்வியாண்டின் நடுவில் இடம் பெயர்ந்த பிள்ளைகளிற் பலர் பழைய பள்ளிக்கும் போக இயலாமல், புதிய பள்ளியிலும் இடம் காணாமல் படிப்பையே விட்டனர். நோயுற்றால் பழகிய இராயப்பேட்டை மருத்துவமனை எட்டாத் தொலைவாயிற்று. வீட்டைத் தந்த கணக்கில் ஒரு வீடு கூடுகிறது. வேலை, பள்ளி, மருத்துவம் ஆகிய மூன்றில் என்ன குறைந்தது என்பதை எழுத அக்கணக்கேட்டில் பத்தி இல்லை. 1925இல் ஓரணாச் சிற்றுண்டியை நிறுத்திய கணக்கேட்டை நினைவு கூருங்கள்.

அண்மைய ஆண்டுகளில் இத்தொலைவைக் குறைக்கும் முயற்சிகள் சில நடந்துள்ளன. 2021ஆம் ஆண்டு மே மாதம் முதல் அரசு நகரப் பேருந்துகளில், சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்லலாம் என்றாயிற்று. மந்தைவெளிக்கு வரும் அந்தத் தாய்க்கு இது கூலியை உயர்த்தியதற்குச் சமம். நேரத்தை மட்டும் அது திருப்பித் தரவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை நோயாளியின் வீட்டுக்கே கொண்டு செல்கிறது. நோயாளி மருத்துவமனையைத் தேடியது போய், மருத்துவம் நோயாளியைத் தேடுவது என்பது பெயரிலேயே விளங்குகிறது. அதே 2021இல் குடிசை மாற்று வாரியம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆயிற்று. மாற்றுதல், அகற்றுதல் என்ற பழைய சொற்கள் இரண்டும் போயின. மக்களை இடம் பெயர்க்கும்போது கைக்கொள்ள வேண்டிய முறைகளைக் குறித்து வரைவுக் கொள்கை ஒன்றும் அவ்வாண்டு வெளியாயிற்று.

பெயர் மாறிய சில மாதங்களில் அதற்குக் கடுமையான சோதனை வந்தது. 2022ஆம் ஆண்டு மே மாதம், இராஜா அண்ணாமலைபுரத்தில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டியிருந்த கோவிந்தசாமி நகரில், நீதிமன்ற ஆணையின்படி வீடுகள் இடிக்கப்பட்டன. அங்கு வாழ்ந்த முதியவர் ஒருவர் தம்மீது தீ வைத்துக்கொண்டு உயிர் துறந்தார். பெரும்பாக்கம் போன்ற தொலைவிடங்களுக்குப் போகோம் என்பதே அம்மக்களின் வேண்டுகோள். இதன்பின் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் சட்டமன்றத்தில், அவர்களுக்கு மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதிகளிலேயே வீடு ஒதுக்கப்படும் என்று அறிவித்தார். பல தலைமுறைகளாக அம்மக்கள் கேட்டு வந்ததை அரசாங்கம் தன் வாயால் ஏற்றுக்கொண்டது. அதற்கு ஓர் உயிர் விலையாக வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

கடற்கரையில் எழுபதுகளில் கட்டிய மாடி வீடுகளின் நிலை என்ன? உப்புக்காற்றில் அரித்துப்போன கட்டடங்களை இடித்துவிட்டு அவ்விடத்திலேயே மீண்டும் கட்டும் வேலை நொச்சிக்குப்பத்தில் தொடங்கிப் பல பகுதிகளிலும் நடந்து வருகிறது. புதிய வீடுகள் முன்னையவற்றைவிடப் பெரியவை. நொச்சிக்குப்பத்துச் சாலையோரத்தில் மீன் விற்ற பெண்களுக்கென நவீன அங்காடி ஒன்றும் 2024இல் திறக்கப்பட்டது. வெயிலிலும் புழுதியிலும் அமர்ந்து விற்ற இடத்திலிருந்து சில நூறடி தூரத்திலேயே அது அமைந்தது. எனினும் சாலையோரத்தில் காரை நிறுத்தி மீன் வாங்கிப் பழகியவர்கள் அங்காடிக்குள் வருவார்களா என்று அப்பெண்கள் கேட்ட கேள்வியில் நியாயம் உண்டு.

பழைய கட்டடத்தை இடித்துப் புதியதைக் கட்டி முடிக்கும் வரை குடியிருப்போர் வெளியே வாடகைக்கு இருக்க வேண்டும். அதற்கென அரசாங்கம் வழங்கி வந்த கருணைத் தொகை முன்னர் 8,000 ரூபாயாக இருந்தது. பின்னர் அது 24,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மூன்று மடங்கு உயர்வு என்பது சிறிதன்று. ஆனால் மாணவர்களாகிய உங்களுக்கு வகுத்தல் தெரியும். கட்டட வேலை ஒன்றரை ஆண்டில் முடிந்துவிடுகிறது என்றே வைத்துக்கொண்டாலும், மாதம் ஒன்றுக்கு 1,333 ரூபாய் வருகிறது. அத்தொகைக்கு மயிலாப்பூரிலோ பட்டினப்பாக்கத்திலோ வாடகை வீடு கிடைப்பதில்லை. அதனால் அக்குடும்பங்களிற் பல அந்த ஒன்றரை ஆண்டுக்குத் தெற்கே நெடுந்தூரம் போய், வாடகை குறைந்த இடத்தில் தங்கி, அங்கிருந்து நாள்தோறும் பஸ் ஏறிக் கடற்கரைக்கு வர வேண்டியிருக்கிறது.